காற்றடித்தால்தான் வெடி: சிசாசிபி நாட்குறிப்பு

மே 2, வெள்ளி

கனடாவின் கியூபெக் மாநிலத்து மத்தகாமியில் பெற்றோல் நிரப்பியாயிற்று. இங்கிருந்து வடக்கே பில்லி டயமண்ட் நெடுஞ்சாலை, 620 கிலோமீற்றர். நடுவில் ஊர் என்று ஒன்றும் இல்லை. 381ஆவது கிலோமீற்றரில் மட்டும் ஒரு பெற்றோல் நிலையமும் சாப்பாட்டுக் கடையும். பாதை தொடங்கும் இடத்திலேயே பெயரையும் வண்டி இலக்கத்தையும் பதிந்துகொள்கிறார்கள், வழியில் ஏதும் நடந்தால் தேடுவதற்கு.

அணை கட்டச் சாமான் ஏற்றவென்று 1970களில் போட்ட பாதை இது. இப்போது அதற்குப் பெயர், அந்த அணைகளை எதிர்த்து நின்ற, கிரீ என்கிற பழங்குடியின் தலைவரின் பெயர். வண்டி ஓட்டுகிறவன், நான் அக்கா என்று கூப்பிடும் சிசாசிபிக் கிரீப் பெண்ணின் மகன், மொன்றியலில் படிக்கிறான். வருடா வருடம் இந்த நேரத்தில் என்ன வந்தாலும் ஊருக்குப் போய்விடுவானாம்.

மே 3, சனி

சிசாசிபி. ஜேம்ஸ் குடாவின் கிழக்குக் கரையில், லா கிராண்ட் ஆற்றங்கரை ஊர். ஆட்களைக் காணோம். வசந்த காலத்தில் காட்டு வாத்துகள் தெற்கிலிருந்து திரும்பும்போது பள்ளிக்கூடம் உட்பட எல்லாவற்றையும் மூடிவிட்டு முகாமுக்குப் போய்விடுகிறார்கள். ‘கூஸ் பிரேக்’ என்றால் நத்தாரைவிடப் பெரிய விடுமுறை.

அக்காவை நான் வைத்தியசாலை வேலையில்தான் பழகினேன். சிகிச்சைக்கு வந்து போகும்போதெல்லாம் “ஒருதரம் வந்து பார்” என்பார். வாசலிலேயே கேட்டார்: “சப்பாத்து தண்ணி விடாததுதானே?” வேறு விசாரணை இல்லை.

மே 4, ஞாயிறு

பாரம்பரிய வாழ்க்கையைப் பார்க்கப் போகிறேன் என்றபோது வேலையிடத்தில் எல்லாரும் தோலுடுப்பையும் இறகுத் தொப்பியையும்தான் நினைத்தார்கள். முகாமில் இருப்பது ஒட்டுப்பலகையில் அடித்த கபின், தகர அடுப்பு, ஜெனரேற்றர், மூன்று ஸ்கிடூ பனிவண்டி, செயற்கைக்கோள் இன்ரநெற். பக்கத்தில் கம்புகளைக் கூம்பாக நிறுத்தித் துணி போர்த்திய மீச்சுவாப். சமையல் அதற்குள்.

மீச்சுவாப்பின் தரை முழுக்க ஸ்புரூஸ் மரக்கிளை. கூக்கும், அதாவது அக்காவின் அம்மா, எனக்கும் ஒரு கட்டுத் தந்து பரப்பச் சொன்னார். தடித்த காம்பு கீழே மறைய வேண்டும், மென்நுனி மேலே வர வேண்டும், ஒரு வரிசை அடுத்த வரிசையின் காம்பை மூட வேண்டும். ஒழுங்காகப் பரப்பினால் காலில் ஒன்றும் குத்தாது, வாசமும் மூன்று நாலு நாளைக்கு நிற்கும். பிறகு அள்ளிப் போட்டுவிட்டுப் புதுக்கிளை.

பின்னேரம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போகுது, ஒருவரும் துவக்கை எடுக்கவில்லை. இந்த முகாமின் வேட்டைக்கு அக்காவின் சித்தப்பாதான் பொறுப்பு. அவர் சொன்னால்தான் வெடி. காற்றில்லாத நாளில் சத்தம் வெகுதூரம் போகும், மற்றக் குட்டைகளில் இறங்கியிருப்பதும் கலைந்துவிடும், பிறகு அந்த இடத்துக்கே வராது. பொழுதுபட்ட பிறகும் சுடக் கூடாது. ஒரு குட்டையில் சுட்டால் சில நாள் அதைச் சும்மா விட வேண்டும். பதினாறு, பதினேழு வயசுப் பொடியன்கள் போனை நோண்டிக்கொண்டு, ஆனால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் இருந்தார்கள். ஸ்கிடூவும் இன்ரநெற்றும் வந்து இவர்களுடைய வழக்கத்தைத் தின்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்தப் பின்னேரத்தில் இங்கே இருந்திருக்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

விடியவே தெற்குக் காற்று. சித்தப்பா வெளியே போய் நின்றார், வந்தார், தொப்பியைப் போட்டார். அவ்வளவுதான், எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

கிளைகளால் மறைத்த தட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தோம். முன்னே பனி உருகிய குட்டை, கரையில் பொய் வாத்துகள். சித்தப்பா குழல் ஏதும் வைத்திருக்கவில்லை, தொண்டையாலேயே கூப்பிட்டார். தூரத்தில் போன கூட்டம் வளைந்து திரும்பியது. திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன், இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

மத்தியானம் பெண்கள் எல்லாரும் இறகு பிடுங்க இருந்தோம். நெஞ்சுப் பக்கத்துப் பஞ்சு இறகு தனிப் பைக்கு, தலையணைக்கும் போர்வைக்கும். மிச்ச முடியை நெருப்பில் வாட்டிச் சுரண்டுவது. குடல் எடுக்கும்போது கூக்கும் இரைப்பையைக் கீறி, உள்ளே என்ன இருக்கிறது என்று விரலால் தள்ளிப் பார்த்தார். எங்கே மேய்ந்து வந்தது என்று தெரியுமாம். எலும்புகளை நாய்க்குப் போடாமல் சேர்த்துக் கட்டி மரத்தில் தொங்கவிடுகிறார்கள்.

இரவுக்குச் சகபுவான். முழு வாத்தைக் கயிற்றில் கட்டி, மேலே குறுக்குக் கம்பில் இருந்து நெருப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது. நெருப்புக்கு மேலே அல்ல, பக்கத்தில். கயிற்றை முறுக்கி விட்டால் வாத்து தானாகவே சுற்றும், முறுக்கு அவிழ்ந்து மறுபக்கம் சுற்றும், மெதுவாகும்போது யாராவது ஒரு சிறு தடியால் தட்டிவிட வேண்டும். அந்த வேலை எனக்கு. சொட்டும் கொழுப்புக்குக் கீழே தட்டு. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். தோல் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வந்து, பிறகு கருஞ்சிவப்பாகி, அங்கங்கே கொப்பளித்தது. உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பனக் என்கிற தட்டை ரொட்டியைக் கொழுப்பில் தோய்த்துத் தின்றபோது எனக்குக் கறித்தூளின் நினைவே வரவில்லை. இதை வீட்டில் சொல்லப் போவதில்லை.

மே 7, புதன்

திரும்பப் பனி. ஸ்புரூஸ் புகை, தேநீர், சீட்டு.

மே 8, வியாழன்

ஜும்ஷும், கூக்குமின் வீட்டுக்காரர், இன்று நிறையக் கதைத்தார். பேரன் மொழிபெயர்த்தான்.

இவர் பிறந்தது ஆற்று வாயில் இருக்கிற ஃபோர்ட் ஜோர்ஜ் தீவில். 1971 ஏப்ரலில் கியூபெக் முதலமைச்சர் பூராஸா நீர்மின் திட்டத்தை அறிவித்தபோது இங்கே ஒருவரையும் கேட்கவில்லை. கிரீகளும், வடக்கே இருக்கிற இனுயிட் பழங்குடிகளும் வழக்குப் போட்டு 1973 நவம்பரில் தடை உத்தரவு வாங்கினார்கள், ஒரு கிழமையிலேயே மேல் நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. பிறகுதான் அரசாங்கத்தோடு 1975 ஒப்பந்தம். ஆற்றில் வெள்ளம் கூடினால் கரையை அரிக்கும் என்று 1980இலும் 1981இலும் தீவுச் சனத்தை இந்தக் கரைக்கு எழுப்பிவிட்டார்கள். சில வீடுகளை அப்படியே தூக்கி வந்தார்களாம். 1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோடையில் மட்டும் தீவுக்குப் போய்க் கூடாரம் அடித்து இருப்பார்கள்.

“முந்தி இந்த ஆறு மாரியில் படுத்திருக்கும், வசந்தத்தில்தான் எழும்பும்” என்றார். இப்போது தலைகீழ். மொன்றியலில் நாங்கள் ஹீற்றரைக் கூட்டக் கூட்ட மின்னுக்காக இங்கே தண்ணீர் திறபடும், அதனால் மாரியில் கீழாறு ஒழுங்காக உறைவதில்லை. ஸ்கிடூவில் கடந்த இடங்களை இன்று நம்ப முடியாது. கரையோர முகாம்களுக்கு ஹெலிகொப்டரில் போகிறார்கள். காடு மூழ்கியதால் நீர்த்தேக்கத்து மீனில் பாதரசம் ஏறி, பெரிய மீனைத் தின்னாதே என்று சொல்லும் நிலை வந்தது. வாத்துகள் மேயும் கடற்புல்லும் 1990களின் கடைசியில் கரையோரத்தில் பெருமளவு அழிந்துபோயிற்று.

ஆனால் அதே ஒப்பந்தத்தில் ஒரு நல்ல காரியமும் இருக்கிறது: வருடத்தில் பல மாதங்களைக் காட்டில் வேட்டையோடு கழிக்கிற குடும்பத்துக்கு, அங்கே இருந்த நாட்களைக் கணக்கிட்டு உதவிப்பணம். ஜும்ஷும் அதை வாங்கித்தான் பிள்ளைகளைக் காட்டில் வளர்த்தார். அரசாங்கங்கள் செய்த காரியங்களில் எனக்குப் பொறாமை தருவது இது ஒன்றுதான்.

மே 10, சனி

திரும்பும் வழியில் ராடிசனுக்குப் போனோம். ரொபேர் பூராஸா நீர்மின் நிலையம் நிலத்துக்குக் கீழே 137 மீற்றர் ஆழத்தில், 5,616 மெகாவாட். மேலதிக தண்ணீர் போகப் பாறையில் வெட்டிய பத்துப் பெரும் படிகள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மகன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

பெட்டியில் அக்கா வைத்துவிட்ட வாத்து ஒன்று இருக்கிறது. நேற்று இரவு முகாமில் இருந்தபோது என் வீட்டுக்காரர் போனில், “மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டலாமே” என்றார். பக்கத்தில் இருந்த அக்கா என்னவென்று கேட்டார், சொன்னேன். யோசித்துவிட்டு, “அடுத்த முறை அந்தத் தூளில் ஒரு போத்தல் கொண்டு வா, கஞ்சியில் போட்டுப் பார்ப்போம். சகபுவான் பக்கம் மட்டும் கொண்டு வராதே, கூக்கும் உன்னை ஊருக்குத் துரத்திவிடுவார்” என்றார்.