மன்னவனூரில் தை அமாவாசை

ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனதிலிருந்து மச்சானுக்கு லா பால்மா புராணம்தான். கானரித் தீவுகளில் ஒன்று அது. 2021-ல் எரிமலை வெடித்து 85 நாள் குழம்பைக் கக்கியது. இருந்தும் மலையேறவும் நட்சத்திரம் பார்க்கவும் கூட்டம் குறையவில்லையாம். வானம் கெடக் கூடாதென்று 1988-லேயே தெருவிளக்குகளுக்குச் சட்டம் வந்த தீவு. லீவில் வந்தவரை, "வாங்க மச்சான், நம்ம மலையையும் பாருங்க" என்று கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு இழுத்துப் போனேன்.

முதலில் நடை. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை முனை வரை செல்ஃபிக் கூட்டம். அதைத் தாண்டி வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் பாதையில் இறங்கினால் சோலைக்காடு. மரவேர்தான் படிக்கட்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். வழியில் ஒரு பாறையைத் தட்டி, "இதுவும் எரிமலைக் கல்லா?" என்றார். இல்லை. இது சார்னோக்கைட் என்ற பாறை, பூமிக்குள் ஆழத்தில் வெந்து, அழுந்தி உருமாறியது. லா பால்மாவுக்குச் சில பத்து லட்சம் வயது என்றால் இதற்கு ஐம்பது கோடிக்கும் மேல். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நாங்களும் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். மச்சானின் ட்ரெக்கிங் ஷூவைக் கழற்றத்தான் நேரமாகிவிட்டது.

கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய வானாய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லா பால்மாவின் தொலைநோக்கிகளும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் இங்கே பார்ப்பது சூரியனை. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் 1909-ல் கண்டது இங்கேதான். இரவு வானத்துக்கான பெரிய தொலைநோக்கிகள் காவலூரில், ஜவ்வாது மலையில் இருக்கின்றன. கொடை டவுனின் லாட்ஜ் விளக்குகளுக்கு நடுவில் நமக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் பூம்பாறை தாண்டி மன்னவனூர்.

தங்கிய வீட்டு அண்ணனிடம் வாசல் லைட்டை அணைக்கச் சொன்னேன். "அணைச்சா காட்டுமாடு பக்கத்துல வந்தாக்கூட தெரியாது தம்பி" என்றார். நியாயம். மொட்டைமாடிக்குப் போனோம், அப்புறம் அணைத்தார்.

தலைக்கு மேலே கார்த்திகைக் கூட்டம், சிவப்பாகத் திருவாதிரை. பத்து மணி வாக்கில் தெற்கே அகத்திய நட்சத்திரம் (கனோபஸ்) உச்சத்துக்கு வந்தது, அடிவானத்திலிருந்து 27 டிகிரி உயரத்தில். லா பால்மா வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே இதே நட்சத்திரம் எட்டரை டிகிரியைத் தாண்டாது. தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் அங்கே அடிவானத்தை உரசிக்கொண்டு போய்விடும். இங்கே இருபது டிகிரி ஏறும். எவ்வளவு சட்டம் போட்டாலும் அட்சரேகையை நகர்த்த முடியாதே! மச்சான் ஒன்றும் சொல்லாமல் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார்.

சிலுவை உச்சிக்கு வர விடிகாலை நாலு மணி ஆகும். அந்தப் பனியில் அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கம் கெடாமல் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் அமாவாசைக்குப் போங்கள், பதினொரு மணிக்கே நன்றாக மேலே வந்துவிடும். ஏப்ரல், மே வேண்டாம். சீசன் கூட்டமும் கோடைமழை மேகமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளகவிப் பாதையில் இறங்குவதாக இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.