மூளைக்கட்டிக்கு ஒளி சிகிச்சை: டெல்டாவிலிருந்து போய் வருகிறவர்களுக்கு

"லைட் அடிச்சே கட்டியைக் கரைச்சுடுவாங்களாமே?" என்று கேட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளி இதில் இரண்டு வேலை செய்கிறது. கட்டியைக் காட்டுவது ஒன்று, கட்டியைக் கொல்வது இன்னொன்று. தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது முதலாவதுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எது என்று கேட்டுவிடுங்கள்.

காட்டுவதற்கான மருந்து 5-அமினோலெவுலினிக் அமிலம். வார்டில் 'ஃபைவ் ஆலா' என்பார்கள். குப்பியில் 1.5 கிராம் பொடி இருக்கும். 50 மில்லி தண்ணீரில் கரைத்தால் மில்லிக்கு 30 மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது அளவு. 60 கிலோ ஆளுக்கு 40 மில்லி வரும். ஒரு குப்பி 75 கிலோ வரைக்கும்தான், அதற்கு மேல் இரண்டாவது குப்பியைப் பிரிக்க வேண்டும், செலவும் கூடும். மூளை வீக்கத்துக்கான ஸ்டீராய்டு மாத்திரை டெக்சாமெத்தசோன் சாப்பிடுகிறவர்களுக்குப் பசி எடுத்து எடை ஏறியிருக்கும். ஊரில் எடுத்த பழைய எடையைச் சொல்லாமல் வார்டிலேயே நிற்க வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தாலும், இந்த மருந்து அதில் அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று காப்பீட்டுக் கவுன்டரில் முன்கூட்டியே கேட்பது நல்லது.

சாப்பிட்டு வந்த மாத்திரைகளையெல்லாம் பையோடு காட்டுங்கள். நடவுச் சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் டாக்சிசைக்ளின் கொடுப்பது நம் பக்கத்தில் சகஜம். அதுவும், சிப்ரோஃப்ளாக்சசின் வகையும், சல்ஃபா மருந்துகளும் வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் ஜாதி. ஃபைவ் ஆலாவும் அதே ஜாதிதான், சேர்ந்தால் இரட்டிப்புத் தொல்லை. ரத்தத்தின் சிவப்புப் பொருளை உடம்பு சரியாக உருவாக்க முடியாத போர்ஃபிரியா என்ற நோய் இருப்பவருக்கு ஃபைவ் ஆலாவே ஆகாது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை.

மயக்கம் கொடுப்பதற்கு 3 மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். 8 மணிக்கு என்றால் விடியற்காலை 5 மணி. உடனிருப்பவர் தூக்கக் கலக்கத்தில், பாவம் என்று காபி கொடுத்துவிடுவது உண்டு. வயிறு காலியாக இல்லையென்று எல்லாமே தள்ளிப்போகும். கட்டியின் செல்கள் இந்த மருந்தை, நீல ஒளியில் சிவப்பாக ஒளிரும் புரோட்டோபோர்ஃபிரின் 9 என்ற பொருளாக மாற்றிச் சேர்த்துவைக்க நேரம் வேண்டும். குடித்து 6 முதல் 8 மணி நேரத்தில் சிவப்பு உச்சத்துக்கு வரும். மண்டை ஓட்டைத் திறந்து கட்டியைத் தொடுவதற்குள் அந்த நேரம் வந்துவிடும், கணக்கு அதுதான். நடுவில் அவசர கேஸ் புகுந்து 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மறுநாளோ அதற்குப் பிறகோதான். மருந்தும் மறுபடி குடிக்க வேண்டும்.

உள்ளே வெள்ளை விளக்கைக் குறைத்து, மைக்ராஸ்கோப்பில் 400 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைப் போடுவார்கள். நல்ல மூளை நீலமாகவே கிடக்கும். கட்டி அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து தெரியும், ஓரம் போகப் போக வெளிறிய ரோஸ். மேலே ரத்தம் படிந்தால் கங்கு அணைந்த மாதிரி ஆகிவிடும், கழுவித் துடைத்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். கட்டியின் நடுவே செத்துப்போன பகுதி ஒளிராது. வேகம் குறைந்த கட்டிகளும் பெரும்பாலும் ஒளிராது. ஒளிர்வதையெல்லாம் வெட்டிவிடவும் மாட்டார்கள், பேச்சும் கைகாலும் போய்விடக்கூடாதே. ஆனாலும் பலன் சின்னதல்ல. 2006இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுக்க எடுபட்டது வெள்ளை ஒளியில் 36 சதவீதம் பேருக்கு, நீல ஒளியில் 65 சதவீதம் பேருக்கு.

கொல்லும் ஒளிக்கு ஜப்பான் 2013இல் டாலபோர்ஃபின் என்ற ஊசியை மூளைக்கட்டிக்கு அனுமதித்தது. லேசர் காட்டுவதற்கு 22 முதல் 26 மணி நேரம் முன்பு ஊசி. கட்டியை எடுத்த குழியின் சுவரில் 664 நானோமீட்டர் லேசரை, ஒன்றரை சென்டிமீட்டர் வட்டம் வட்டமாக, இடத்துக்கு 180 விநாடி காட்டுவார்கள். மருந்து, ஒளி, ஆக்ஸிஜன் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் செல் சாகும். ஒளி ஆழமாகப் போகாது, சில மில்லிமீட்டர்தான். ஆகவே கத்தியும் வேண்டும். வேகமாக வளரும் மூளைப் புற்றான கிளையோபிளாஸ்டோமா என்றால் பிறகு 30 தடவை ரேடியேஷனும் டெமோசோலமைடு என்ற கீமோ மருந்தும் வழக்கம்போல உண்டு.

அதிகம் பேர் கோட்டை விடுவது வெளிச்சத்தில். ஃபைவ் ஆலா குடித்தால் 24 முதல் 48 மணி நேரம் வெயிலும் பளிச்சென்ற விளக்கும் தோலிலும் கண்ணிலும் படக்கூடாது. ஆபரேஷன் நடந்தால் அந்த நேரம் ஐசியுவிலேயே கழிந்துவிடும். ரத்தானால்தான் ஆபத்து: "இன்னைக்கு இல்லை" என்றதும் டீக்கடைக்கு நடந்து போய்விடுவார்கள். ஆபரேஷன்தான் நின்றது, மருந்து உடம்பில் இருக்கிறது. சன்ஸ்கிரீன் தடவினால் போதாது. அது தடுப்பது புற ஊதாவை, இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டுமென்றால், டாக்டர் சம்மதத்தோடு, பகல் பஸ் வேண்டாம், இரவில் உழவன் எக்ஸ்பிரஸ். முற்றம் வைத்த வீடென்றால் தாழ்வாரத்தில் படுக்க வைக்காமல் உள் அறையில் விடுங்கள். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் பக்கத்து ஜன்னலை மூடுங்கள், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் வெயில்தான். கும்மிருட்டு தேவையில்லை. மருந்து குடித்த மணியை மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டின் மேலேயே எழுதி வாங்கி வையுங்கள். தோல் சிவந்து எரிந்து யாரிடம் ஓடினாலும் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.