மைக் பிடித்த மழைக்காலங்கள்

நீலகிரியில் மழை எச்சரிக்கை வந்தால் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. தென்மேற்குப் பருவமழை என்றால் கூடலூர், பந்தலூர், தேவாலா. வடகிழக்கு என்றால் குன்னூர், கோத்தகிரி. நான் வேலைக்குச் சேரும்போது 2009 நவம்பரின் காயம் இங்கே ஆறவே இல்லை. அந்த ஒரு மழையில் மட்டும் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். அதனால் சொன்னதுமே ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் முறை, அலுவலகத்தில் கொடுத்த தாளை அப்படியே வாசித்தேன். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இங்கே லயம் என்பார்கள். அப்படி ஒரு லயத்தை மூன்று தடவை சுற்றி வந்தோம். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா, இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, தாழ்வான பகுதின்னா கீழ ஆத்தோரம் இருக்கறவங்கதான? நாங்க மேட்டுலல்ல இருக்கோம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மலையில் எல்லோருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் மேலேயும் ஒருவர் இருக்கிறார். சமவெளியில் வெள்ளத்துக்காக எழுதின வாக்கியத்தை இங்கே கொண்டுவந்து வாசித்தால் கேட்பவர் அதைத் தனக்குக் கீழே இருக்கிறவருக்குத் தள்ளிவிடுகிறார். இங்கே ஆபத்து வருவது மேலே இருந்து. அப்புறம் "பொதுமக்கள்" என்று ஒருவரும் எந்த வீட்டிலும் இல்லை. அன்றைக்கு மழை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த முறை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். "தண்ணித் தொட்டிக்கு மேல இருக்கிற சரிவுல மண்ணு ஊறியிருக்கு. அதுக்குக் கீழ இருக்கிற ரெண்டு லயமும் இன்னைக்கு ராத்திரி பள்ளிக்கூடத்துல படுக்கணும்." இவ்வளவுதான் சொன்னேன். நாலைந்து கதவு திறந்தது.

அளவுகளிலும் இதே பாடம்தான். ஒரே நாளில் 20 செ.மீட்டருக்கு மேல் பெய்தால் வானிலைத் துறை அதை அதி கனமழை என்கிறது. ரெட் அலர்ட் என்றால் அந்த அளவை எதிர்பார்க்கலாம் என்று பொருள். டிவியில் அந்தச் சிவப்பு நிறம் நாள் முழுக்க ஓடும். பார்த்துப் பார்த்து அது கண்ணுக்குப் பழகிப்போய்விடுகிறது. ஆனால் தோட்டத்து ஆபீஸ் வாசலில் மழைமானி இருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வருகிறவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டுதான் மலைக்கு ஏறுவார்கள், அதுவும் இஞ்சில். ஆகவே நான் இஞ்சில் பேச ஆரம்பித்தேன். "எட்டு இஞ்ச் வரும்னு சொல்றாங்க" என்றால் முகம் மாறும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் கொட்டியது. அதை "முப்பத்தஞ்சு இஞ்ச் தாண்டிச்சு" என்று சொன்னபோது ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்படியும் பாதிப் பேர் வர மாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லாத காரணங்கள் இருக்கும். ஆட்டை யார் பார்ப்பது? வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் எப்படிப் படுப்பது, அங்கே கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? நாளைக்கு வேலைக்குப் போக முடியாவிட்டால் பேர் விழுமா, அதாவது அன்றைய கூலி கணக்கில் ஏறுமா? இதையெல்லாம் எங்களிடம் கேட்க மாட்டார்கள், கேட்டால் அற்பமாகத் தெரியுமோ என்ற கூச்சம். நான் கற்றுக்கொண்டதில் பெரியது இதுதான்: அவர்கள் கேட்பதற்கு முன்பே பதிலோடு போக வேண்டும். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். இல்லையென்றால் போடச் சொல்லிவிட்டுத்தான் ஜீப் ஏறுவேன். தோட்டத்து அதிகாரியிடம் பேர் விஷயத்தைப் பேசி முடித்துக்கொள்வேன். பிறகு மைக்கில் மழையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னாலேயே, "பொம்பளைகளுக்குத் தனி ரூம், தாழ்ப்பாள் இருக்கு, ஆடு கட்ட இடம் இருக்கு, பேர் உண்டு" என்று ஆரம்பிப்பேன்.

படுகர் ஹட்டிகளில் நான் மைக்கைப் பிடிப்பதே இல்லை, அந்த ஊர்ப் பையன் ஒருவன் படுக மொழியில் சொல்வான். பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் மைக்கே வேண்டாம், பெரியவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

எச்சரிக்கை பொய்த்துப்போன நாளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஒரு நவம்பரில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்தோம். விடிய விடியத் தூறல்தான். காலையில் வெயிலே வந்துவிட்டது. கைக்குழந்தையோடு ராத்திரி முழுக்கச் சிமெண்ட் தரையில் கிடந்தவர்கள் பேசாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் மைக் இல்லாமல், ஜீப் இல்லாமல் நடந்தே போனேன். மேகம் திரும்பி வேறு சரிவில் கொட்டியிருந்தது. அந்த அளவை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "உங்களைச் சிரமப்படுத்திட்டோம். அடுத்த தடவையும் இப்படி ஆகலாம், அப்பவும் வந்து கூப்பிடுவேன்" என்றேன்.

கூடவே அவர்களே பார்த்துக்கொள்ளும்படி சில அடையாளங்களையும் சொன்னேன். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு காரணமில்லாமல் இறுகினால், கரண்டுக் கம்பம் சாய்ந்தால், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தால் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கு ஒரு ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பின்சுவரில் ஓடியிருந்த விரிசலைக் காட்டினார். பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தோம். பிறகு நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் முதலில் காட்டுவது அந்தக் கோட்டைத்தான்.

ஒரு தடவை வேறெங்கோ எடுத்த நிலச்சரிவு வீடியோ ஒன்று "குன்னூர், இப்போது" என்ற வாசகத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றியது. ஜனங்கள் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பொய் என்று தெரிந்த பிறகு ஒரு வாரம் யார் சொன்னதையும் நம்பவில்லை. அதை அனுப்பியவர்கள்மேல் இன்னும் எனக்குக் கோபம் உண்டு.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணுக்குள் போயின. எல்லைக்கு அந்தப் பக்கம்தான், பந்தலூர்க்காரர்களுக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கிறது. அன்று சாயங்காலம் நாங்கள் ஒரு லயத்துக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மைக்கை ஆன் செய்வதற்குள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஜீப்புக்கு வந்தார். முன்பு என்னிடம், "போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

"குடுங்க தம்பி, நான் சொல்றேன்."

மைக்கைக் கொடுத்துவிட்டு நான் டார்ச்சைப் பிடித்தேன். அவர் லயத்தைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். "மூணாவது வீடு, புள்ளத்தாச்சிய மொத கூட்டிட்டு வா. கடைசி வீட்டு ஆயாவுக்கு நடக்க முடியாது, ரெண்டு பயலுக போங்க. ஆட்ட அவுத்து விடு, அது பாத்துக்கும். வெளக்க அணைச்சிட்டு வாங்க."

ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வந்தது.