ரெடி கேஷ் பார்ட்டி

"லோனா சார், ரெடி கேஷா?"

திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் வீடு தேடியபோது தரகர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு ஓய்வுபெற ஒன்றரை வருஷம்தான் பாக்கி. இந்த வயதில் வங்கி தரும் கடன் எந்த மூலைக்கு? லால்குடிப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தை விற்ற பணம் கணக்கில் கிடந்தது. மனைவி பெயரில் இருந்த டெபாசிட்டையும் உடைத்தால் கடனில்லாமல் வாங்கிவிடலாம். "ரெடி கேஷ்தான்" என்றேன். அதுவரை போனைப் பார்த்தபடியே பேசியவர், அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எனக்கு டீ சொன்னார்.

அதற்கு முன் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதையே சொல்லிப் பார்த்திருந்தேன். சதுர அடிக்கு ஐம்பது ரூபாய்கூடக் குறையவில்லை. வங்கி கொடுத்தால் என்ன, நான் கொடுத்தால் என்ன, பில்டருக்குப் பணம் பணம்தான்.

இந்த வீடு வேறு. இரண்டு படுக்கையறை, கிணறு, கொல்லையில் ஒரு முருங்கை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து விற்கிறார்கள். 68 லட்சம் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒருவர் 67-க்குப் பேசி முடித்து, லோன் கிடைக்காமல் விலகியிருக்கிறார். "பேங்க் வக்கீல் அந்தப் பேப்பர், இந்தப் பேப்பர்னு ரெண்டு மாசம் இழுத்தடிச்சிட்டார் சார்" என்றார் தம்பி. அவர் வேறொரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கெடு நெருங்கித் தவித்துக்கொண்டிருந்தார். ஒரே மாதத்தில் முழுப் பணமும் தந்து கிரயம் முடிக்கிறேன் என்றேன். அரை மணி நேரத்தில் விலை 63-க்கு இறங்கியது. டோக்கனாக ஒரு லட்சத்துக்குச் செக் கொடுத்தேன். மறுநாளே டெபாசிட்டை உடைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். "பத்திரத்துல அரசாங்கம் வச்சிருக்கற கைடுலைன் வேல்யூ மட்டும் போட்டுக்குவோம் சார். மிச்சத்தைக் கையில குடுத்துடுங்க. உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்தானே?"

கடன் வாங்கவில்லை என்ற அர்த்தத்தில் நான் சொன்ன ரெடி கேஷ், அவர்கள் காதில் நோட்டுக் கட்டாக விழுந்திருக்கிறது! மிச்சம் என்பது உண்மைதான். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஐந்தே முக்கால் லட்சத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். நாளைக்கு நான் விற்கப் போனால் பத்திரத்தில் உள்ள குறைந்த விலைதான் என் கொள்முதல் விலை; லாபம் அதிகமாகத் தெரிந்து வரி கூடும். முழுத் தொகையும் பத்திரத்தில், முழுப் பணமும் வங்கி வழியாக ஆர்டிஜிஎஸ்ஸில் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் 64-க்குப் படிந்தது.

கடன் வாங்குபவருக்கு வங்கி வக்கீல் பத்திரத்தைத் துருவித் துருவிப் பார்ப்பார். எனக்கு யார் பார்ப்பது? பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் சகோதரர்கள் பெயரில். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று சுத்தம். எனக்கு அதுவே போதும் என்று பட்டது. அலுவலக நண்பர்தான் விடாப்பிடியாக ஒரு வக்கீலிடம் இழுத்துப் போனார். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "விக்கிறவங்க அப்பா காலமாயிட்டார்ல? வாரிசுச் சான்று எங்க?" என்றார். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். சாவு வராது.

வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மூன்று பெயர். கும்பகோணத்தில் ஒரு அக்கா. வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் இல்லை, அம்மாவும் இல்லை. ஆக மூவருக்கும் சமபங்கு. வங்கி வக்கீல் கேட்ட 'அந்தப் பேப்பர்' இதுதான். எனக்குக் கிடைத்த தள்ளுபடியில் என் ரெடி கேஷின் பங்கு எவ்வளவு, இந்த ஓட்டையின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

"அக்காவுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு சார்" என்றார் அண்ணன். அந்த நகைக்குச் சட்டத்தில் இடமில்லையே. அவர்களுக்குள் பேச்சுவார்த்தை ஏழு வாரம் ஓடியது. பணத்தைக் கையில் வைத்திருந்தும் நான் வெறுமனே காத்திருந்தேன், டெபாசிட் வட்டியையும் இழந்துவிட்டு. முடிவில் அக்கா 15 லட்சத்துக்குச் சம்மதித்து, மூன்றாவது விற்பனையாளராகக் கையெழுத்துப் போட வந்தார். பதிவு அலுவலக வாசலில் தம்பிகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் ஒரு சதவீத டிடிஎஸ், அதாவது விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் வரி. ஆளுக்கொரு படிவமாக மூன்று கட்டினேன்.

குடியேறியபோது கணக்கில் நாற்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. ஐப்பசி மழையில் மொட்டைமாடி ஒழுகியது. மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு நகைக்கடனுக்கு, டெபாசிட்டை உடைத்த அதே வங்கிக்குப் போனோம். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்தார், எடை போட்டார், அரை மணி நேரத்தில் பணம் வந்துவிட்டது. ஒரு பேப்பரும் கேட்கவில்லை.