பெயர்தான் கொலையாளி

மயினிக்கு இப்போது ஒன்பதாவது வாரம். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்துபோனதால் வீட்டில் எல்லாருக்கும் உள்ளூரப் பயம். போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, ‘என்.கே. செல்’ அதிகமாக இருக்கிறது என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் அர்த்தத்தை போனில் தேடிப் பார்த்திருக்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு: “மக்கா, எனக்க ஒடம்பே பிள்ளைய கொல்லுதோ?”

பெயர்தான் வினை. என்.கே. செல் என்பது ஒரு வகை வெள்ளையணு. 1970களில், புற்றுச் செல்லை இவை கொல்வதைப் பார்த்து ‘நேச்சுரல் கில்லர்’, அதாவது ‘இயற்கைக் கொலையாளி’ என்று வைத்துவிட்டார்கள்; அதன் சுருக்கம்தான் என்.கே. முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உள்படலத்தில் இருக்கும் வெள்ளையணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த வகைதான், ஆனால் ரத்தத்தில் ஓடுகிறவற்றுக்கும் இவற்றுக்கும் குணம் வேறு, கொல்வதில் இவை படு சோம்பல். கையில் குத்தி எடுத்த ரத்தத்தை எண்ணி கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்புறம் அங்கே என்னதான் செய்கின்றன? கால்வாய் வேலை. நஞ்சுக்கொடி பிள்ளையுடையது, அதில் பாதி அப்பன் கொடுத்தது. அதன் செல்கள் அம்மாவின் படலத்துக்குள் இறங்கி, சுருண்டு கிடக்கும் தமனிகளின் தசைச்சுவரைக் கரைத்து அகலமாக்குகின்றன. அவை வந்து சேருமுன்பே சுவரை இளக்கிக் கொடுப்பது நம்ம ‘கொலையாளி’. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்தாலும் சானல் தூர் வாராவிட்டால் கடைவரம்பு வயலுக்கு ஏறாதே, அதே கதைதான். தமனி சரியாக அகலாவிட்டால் பின்னால் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், பிள்ளை வளராமல் நிற்கலாம்.

அந்நியத் திசுவை தாயின் உடல் எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்று 1953இல் பீட்டர் மெடாவர் என்ற உயிரியல் விஞ்ஞானி கேட்டார். எதிர்ப்பு சக்தி தூங்கிவிடுகிறது என்றுதான் இன்றும் பலர் நினைக்கிறார்கள். தூங்குவதில்லை. நஞ்சுக்கொடிச் செல் தன் மேல் காட்டும் எச்.எல்.ஏ.-சி என்ற அடையாளத்தை இந்த அணுக்கள் தொட்டுப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. அந்தத் தொடுகை அவற்றை மிதமிஞ்சி அடக்கிவிடும் தாய்-பிள்ளை ஜோடிகளில்தான் முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் அந்த நோய்) அதிகம் வருகிறது. அதாவது பயப்பட வேண்டியது நேர் எதிர்ப்பக்கம்!

இன்னொன்றும் சொன்னேன். முதல் பத்து வாரம் போல நஞ்சுக்கொடிச் செல்களே தமனி வாயை அடைத்து நிற்கும், அம்மாவின் ரத்தம் முழுசாகப் பாய்வது அதற்கப்புறம்தான். “உங்களுக்கு இன்னும் மடையே திறக்கல மயினி. அந்தத் தாளை வேற டாக்டரிடம் காட்டுங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்போ அந்த டெஸ்டுக்குக் குடுத்த ரூவா?” என்றார்.