மலைப்பாதையில் மழை, நடுக்கண்ணாடியில் நின்ற வைப்பர்

கணவாயின் உச்சிக்கு இன்னும் சில வளைவுகளே இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. நானும் அண்ணனும் வந்துகொண்டிருந்தது 1960களின் இறுதியில் தயாரான இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில். வைப்பர் சுவிட்சைத் தட்டினேன். இரண்டு கைகளும் கிளம்பின. ஆனால் முனகிக்கொண்டு, அரை வேகத்தில். கண்ணாடியில் ஆவி படிந்ததால் ஹீட்டர் விசிறியைப் போட்டேன். வைப்பர் இன்னும் தளர்ந்தது. சுவிட்சை அணைத்தால் கீழே போய்ப் படுக்க வேண்டிய கைகள் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டன.

நல்லவேளையாக அடுத்த திருப்பத்தில் ஒரு காட்சிமுனை இருந்தது. கூரை போட்ட நிறுத்துமிடம். அங்கே ஒதுங்கினோம்.

"மோட்டார் போய்விட்டதடா. மெதுவாக உருட்டிக்கொண்டே கீழே இறங்கிவிடலாம்" என்றார் அண்ணன்.

"வேண்டாம் அண்ணா. எதிரில் லாரி வந்து தண்ணீரை வாரி அடித்தால் சாலையே தெரியாது. இது மோட்டார் கோளாறு மாதிரியும் தெரியவில்லை."

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் வயரிங்கில் எனக்குப் பிடித்ததே அதன் நிற ஒழுங்குதான். பழுப்பு வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டதும் உயிர்பெறுவது. அந்த வெள்ளை பியூஸைத் தாண்டியதும் பச்சையாகிறது. கறுப்பு எப்போதும் எர்த், அதாவது மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. வைப்பர், ஹீட்டர் விசிறி, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம் அந்தப் பச்சை வயரின் பிள்ளைகள். பியூஸோ அதன் கவ்வியோ கெட்டிருந்தால் எல்லாமே சேர்ந்து சோர வேண்டும். எங்கள் காரில் வைப்பர் ஓடும்போதும் இண்டிகேட்டர் வழக்கமான தாளத்தில் மின்னியது. ஆக, மின்சாரம் வரும் வழி சரி. விசிறியைப் போட்டதும் வைப்பர் தளர்கிறது என்றால், இண்டிகேட்டருக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் வைப்பருக்கும் விசிறிக்கும் பொதுவான ஓர் இடத்தில் கோளாறு. திரும்பிப் போகும் வழியான எர்த் மீதுதான் என் சந்தேகம் விழுந்தது.

அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த வகைக் காரில் மோட்டார் சுற்றுவதை, குழாய்க்குள் ஓடும் சுருள் கம்பி ஒன்று வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகிறது. அதிலுள்ள கிரீஸ் காய்ந்து இறுகினாலும் கைகள் இப்படித்தான் மெதுவாக அசையும். கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கி விட்டு, சுருள் கம்பியையும் மோட்டாரிலிருந்து கழற்றினேன். சுமையே இல்லாதபோதும் மோட்டார் சோம்பலாகத்தான் சுற்றியது. மின்சாரப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அண்ணன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி, பச்சைக்கும் கறுப்புக்கும் இடையே வைத்துப் பார்த்தார். 12.4 வோல்ட். "எல்லாம் ஒழுங்காக வருகிறதே. மோட்டார்தான்" என்றார்.

பழைய கார் வைத்திருக்கும் எத்தனையோ பேர் நல்ல மோட்டாரைத் தூக்கி எறிவது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. துருப்பிடித்த இணைப்பில் ஒரு ஓம் தடை இருந்தாலும் அந்தச் சிறு ஓட்டத்துக்கு அது தடையே அல்ல. முழு வோல்ட்டும் மீட்டரில் தெரியும். மோட்டார் 3 ஆம்பியர் இழுக்கும்போது அதே ஒரு ஓம், 3 வோல்ட்டைத் தின்றுவிடும். பிளக்கைக் கழற்றி அளப்பது, குழாயைத் திறக்காமலே தண்ணீர் நன்றாக வரும் என்று சொல்வதற்குச் சமம். வேலை நடக்கும்போது அளக்க வேண்டும்.

பிளக்கை மறுபடி மாட்டினேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன். எங்கள் காரில் பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால், இதற்கென்றே நீளமான வயர் ஒன்றைக் கூடவே வைத்திருக்கிறேன். மறுமுனையை மோட்டாரின் கறுப்பு வயர் நுழையும் இடத்தில், பிளக்கின் பின்புறமாகச் செருகினேன். அண்ணன் சுவிட்சைப் போட்டார். அரை வோல்ட்டுக்கும் கீழே காட்ட வேண்டிய மீட்டர் 3.1 காட்டியது. விசிறியையும் போடச் சொன்னேன். 6ஐத் தாண்டியது. அவ்வளவும் திரும்பும் வழியிலேயே தொலைந்ததால், மோட்டாருக்குக் கிடைத்தது பாதி மின்னழுத்தம்தான். இந்த வகை மோட்டாரின் வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

மோட்டார் உலோகத்தில்தானே முடுக்கப்பட்டிருக்கிறது, எர்த் தானாகக் கிடைக்காதா என்று அண்ணன் கேட்டார். கிடைக்காது. சத்தம் உள்ளே வராமலிருக்க மோட்டாருக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு வயர் ஒன்றுதான் வழி.

அதைக் கையால் தடவிக்கொண்டே போனால், பானெட்டுக்கு அடியில் ஒரு திருகில் இரண்டு மூன்று கறுப்பு வயர்கள் ஒன்றாகப் போய் முடிந்தன. திருகைக் கழற்றியதும் காரணம் கண்முன்னே இருந்தது. எப்போதோ காருக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்தையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். வளைய முனைக்கு அடியில் பெயின்ட், அதன் விளிம்பில் செந்துரு. திருகின் மரைவழியாக மட்டுமே இத்தனை காலம் மின்சாரம் போய்வந்திருக்கிறது. உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தேன். வளைய முனைகளையும் தேய்த்து, பல் வாஷர் ஒன்று போட்டு இறுக்கி, ஈரம் ஏறாமலிருக்க மேலே வாசலின் பூசினேன். மீட்டர் இப்போது 0.1. சுருள் கம்பியை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் கைகள் பாய்ந்து எழுந்தன. அண்ணன் கைதட்டிவிட்டார்.

ஆனால் அணைத்தால் இன்னும் நடுவில்தான் நின்றன. சுவிட்சை அணைத்த பிறகும், கைகள் கீழே போய்ச் சேரும்வரை மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதற்கென்றே அதன் பல்சக்கரப் பெட்டியில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. கைகள் இடம் சேர்ந்ததும் அதுவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அங்கிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு வருவது பழுப்பில் இளம்பச்சைக் கோடு போட்ட வயர். மோட்டார் பக்கம் அதில் 12 வோல்ட் இருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தால், அந்த வயரின் தட்டை முனை சுவிட்சைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. குறட்டால் லேசாக நசுக்கித் திரும்பச் செருகினேன். கைகள் சொன்ன இடத்தில் போய்ப் படுத்தன.

மழை விடவில்லை. அந்த மழையிலேயே கணவாயைக் கடந்தோம். 1903இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கிய வைப்பரை வண்டிக்குள்ளிருந்து நெம்புகோலால் கையால்தான் இயக்க வேண்டியிருந்தது என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கண்ணாடி வைப்பரின் ஒவ்வொரு வீச்சிலும் துடைத்துவிட்டதுபோல் தெளிய, மேகம் பிளந்த இடங்களில் பள்ளத்தாக்கின் ஆறு மண் நிறத்தில் பொங்கிப் போவது தெரிந்தது. மறுபக்கச் சரிவில் சாலையோரப் பாறைகளிலிருந்தெல்லாம் புதிய அருவிகள். வெயிலில் வந்திருந்தால் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

இரவு தங்கிய இடத்தில் மோட்டாரின் உடலிலிருந்து பாடிக்கு இரண்டாவதாக ஒரு கறுப்பு வயரையும் இழுத்துவிட்டேன். அண்ணன் மீட்டரைக் கீழே வைக்கவில்லை. விளக்குகளை எல்லாம் எரியவிட்டு ஒவ்வொன்றின் எர்த்தையும் அளந்துகொண்டே போனார். பின்பக்கம் இடது விளக்கில் 0.8 வோல்ட் இழப்பு. உப்புத்தாளை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.