தல் ராஷாவின் ஐந்தாவது உருப்படி

மே 1, 2025, வியாழன்

மே தின விடுமுறை. காரைக்குடிக்குப் பஸ் ஏற வேண்டாம் என்பதால், டயப்லோ 2 ரிசரெக்டட் என்ற கணினி விளையாட்டில் என் சோர்சரஸின் (மந்திரக்காரியின்) பொருட்பெட்டியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். பொதுப் பெட்டியில் மூன்று பக்கங்கள், ஒவ்வொன்றிலும் நூறு கட்டங்கள். ஒரு பக்கம் முழுக்கப் பச்சை. இந்த விளையாட்டில் செட் உருப்படிகளின், அதாவது சேர்த்துப் போட்டால் கூடுதல் பலம் தருபவற்றின் பெயர் பச்சை எழுத்தில் வரும்.

அதில் எனக்கு முக்கியமானது தல் ராஷாவின் செட். மொத்தம் ஐந்து உருப்படி: இடுப்புவார், முகமூடி, கழுத்துத் தாயத்து, கையில் பிடிக்கும் படிக உருண்டை, உடல் கவசம். நான்கு என்னிடம் இருக்கின்றன. கவசம் மட்டும் இல்லை. இடுப்புவார் நைட்மேர் என்ற நடுக் கடினநிலையில் மெஃபிஸ்டோ என்ற அரக்கத் தலைவனிடம் கிடைத்தது. முகமூடியும் உருண்டையும் ஹெல் என்ற கடைசிக் கடினநிலையில் அவனிடமே கிடைத்தன. தாயத்துக்குத்தான் அதிக நாள் ஆனது. பச்சைத் தாயத்து விழும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐடென்டிஃபை செய்து பார்த்தால் சிவெர்ப் செட்டோ டான்க்ரெட் செட்டோவாக இருக்கும். அப்படி எட்டு ஒன்பது தடவைக்குப் பிறகு ஒருநாள் தல் ராஷாவின் பெயர் வந்தது.

நான்கையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். ஐந்தாவது வந்தபிறகு மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணம். அதுவரை கிடைத்ததைப் போட்டு ஓட்டுகிறேன்.

மே 4, ஞாயிறு

சின்னாத்தா (சித்தி) மகன், என் தம்பி, கல்லூரி விடுமுறைக்கு வந்துவிட்டான். இனி மூன்று நான்கு வாரம் பள்ளத்தூரில் ஆயா (பாட்டி) வீட்டில்தான். எனக்கு வேலை காரைக்குடியில் என்றாலும் இருப்பு இந்த வீட்டில். இரண்டாங்கட்டுக்குள் போய்விட்டால் போனில் ஒரு புள்ளி சிக்னல்கூட நிற்காது. சுவர் அவ்வளவு கனம். ஆஃப்லைனில் ஆடக்கூடிய விளையாட்டைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதியம் ஆயா மங்குச் சட்டிகளை இறக்கினார்கள். எனாமல் சாமானை எங்கள் பக்கம் மங்கு என்றுதான் சொல்வோம். ஆயாவுக்குச் சீராக வந்த அடுக்கு அது. வெள்ளை உடம்பு, விளிம்பில் நீலக் கோடு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி ஏழு சட்டிகள். நாலாவது இல்லை. என்றோ ஒரு விசேஷத்துக்கு இரவல் போனது திரும்பவில்லை. அதனால் மூன்றாவதற்குள் ஐந்தாவதை வைத்தால் லொடலொடவென்று ஆடும். பெரியதில் சோறு, அடுத்ததில் குழம்பு, கடைசிச் சட்டியில் ஊறுகாய் என்று ஆயா எல்லாவற்றையும் புழங்குகிறார்கள். ஓரங்களில் எனாமல் தெறித்து இரும்பு கறுப்பாகத் தெரிகிறது.

“நாலாவதைத் தேடிப் பார்க்கட்டுமா ஆயா?” என்றேன்.

“கிடைச்சா வாங்கிட்டு வா. கிடைக்கலைன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடலை.”

மே 7, புதன்

தம்பி என் மடிக்கணினியிலேயே பாலடின் என்ற போர்வீரன் ஒருவனைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். இரண்டு நாளில் அவனுக்கு சிகான் செட்டில் கையுறையும் காலணியும் கிடைத்துவிட்டன. சிகான் ஆறு உருப்படி கொண்ட இரும்புச் செட். ஆறாவது லெவலிலேயே போடலாம். தொடக்கத்தில் இதைவிடக் கைகொடுக்கும் செட் கிடையாது என்பது என் கருத்து. கையுறையை மட்டும் போட்டால் சாதாரணக் கையுறைதான். கூட இன்னொரு சிகான் உருப்படி உடம்பில் இருந்தால் அந்தக் கையுறைக்குத் தாக்கும் வேகம் 30 சதவீதம் ஏறும், அடிக்கு 10 சதவீதம் உயிரும் திரும்பி வரும். மூன்றாவதும் சேர்ந்துவிட்டால் காலணிக்கு மேஜிக் ஃபைண்ட் (நல்ல பொருள் விழும் வாய்ப்பு) 50.

கிடைத்ததைக் கிடைத்த அன்றே அவன் போட்டுக்கொள்கிறான். இன்று இரவு என் பெட்டியைத் திறந்து பார்த்தவன் கேட்டான்: “அண்ணே, இந்த நாலும் ஏன் சும்மா கிடக்கு?”

கவசம் வரட்டும் என்று சொன்னேன். அவன் ஒவ்வொன்றின் மேலும் அம்பை வைத்து, அடியில் மங்கலாகத் தெரியும் வரிகளைப் படித்தான். இரண்டு உருப்படிக்கு இது, மூன்றுக்கு இது, நான்குக்கு இது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். வேறெதுவும் கேட்கவில்லை.

மே 10, சனி

நேற்று இரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

தல் ராஷா செட்டில் மூன்று உருப்படி சேர்ந்தாலே மேஜிக் ஃபைண்ட் 65 வந்துவிடுகிறது. இடுப்புவாரிலேயே 10 முதல் 15 வரை தனியாக உண்டு. மூன்று சேர்ந்தால் இடுப்புவாருக்கு மந்திர வேகம் 10, நான்கு சேர்ந்தால் தாயத்துக்கு இன்னொரு 10. உருண்டையில் எப்போதும் 20 இருக்கிறது. ஆக, கவசமே இல்லாமல் மந்திர வேகம் 40. நான் போட்டிருக்கும் கவசம் வைப்பர்மேஜை, அதில் 30. மேஜ்ஃபிஸ்ட் கையுறையில் 20. கூட்டினால் 90. சோர்சரஸின் கை 37, 63, 105 போன்ற படிகளில்தான் வேகம் எடுக்கும். இடையில் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. 90 என்றால் 63ம் படி நிச்சயம்.

இத்தனை மாதமாக நான் எந்தக் கவசத்தைத் தேடினேனோ, அதைத் தேடுவதற்கான உடுப்பே பெட்டிக்குள்தான் கிடந்திருக்கிறது. மேஜிக் ஃபைண்ட் இல்லாமல் மெஃபிஸ்டோவை ஓட ஓட அடித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட வருத்தம், மெஃபிஸ்டோவிடம் அந்தக் கவசம் விழவே விழாது. செட்டின் மற்ற நான்கையும் அவன் தருவான். கவசத்தின் அடிப்படை வகை லாக்கர்ட் பிளேட். அது அவனுடைய பொருள் வரிசைக்கு மேலே இருக்கிறது. 85ம் லெவல் இடங்களில் தேடலாம்: பிட், ஏன்ஷியன்ட் டனல்ஸ், கேயாஸ் சாங்க்சுவரி, உலகக்கல் கோட்டை போன்றவை. இது புதிய விஷயமும் இல்லை, பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் எங்கோ படித்த நினைவு இருந்தது. பழக்கம் விடவில்லை.

இன்று காலை நான்கையும் போட்டுக்கொண்டேன். உடனே வித்தியாசம் தெரிந்தது. அடிபட்டால் தடுமாறி நிற்பது குறைந்தது. நான்கு உருப்படிக்கு அதிலிருந்து மீளும் வேகம் 25 சதவீதம் உண்டு.

மே 12, திங்கள்

பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மாலை வந்தபிறகு நாலே ஓட்டம் (ஒருமுறை போய் அரக்கர்களை அடித்துத் திரும்புவது ஓர் ஓட்டம்). ஒன்றும் விழவில்லை.

மே 17, சனி

அரை நாள் வேலை. முடித்துக்கொண்டு முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. மர உத்திரம், கதவு நிலை, பித்தளைப் பானை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு என்று செட்டிநாட்டு வீடுகள் கழித்துக் கட்டியதெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். சில கடைகளுக்குள் நடக்கும்போது யாரோ ஒருவர் வீட்டு வளவுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஆயாவின் மூன்றாவது சட்டிக்கும் ஐந்தாவது சட்டிக்கும் வாயை நூலால் அளந்து வைத்திருந்தேன். ஒன்பது அங்குலம், ஏழு அங்குலம். எனவே எட்டு அங்குலம் வேண்டும். நான்காவது கடையில், எனாமல் தட்டுகளுக்கு அடியில் ஒன்று இருந்தது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, வாய் சரியாக எட்டு. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பெயின்டில் மூன்று எழுத்து விலாசம், அதாவது வீட்டு அடையாள எழுத்து. எங்கள் வீட்டு விலாசம் இல்லை. விசேஷங்களில் சாமான் மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு வீடும் தன் விலாசத்தைப் போட்டுவைப்பது வழக்கம். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். விலை 450 சொன்னார், 400க்கு வாங்கினேன்.

வீட்டில் ஆயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் படித்தார்கள். விரலால் தடவினார்கள். “யார் வீட்டுப் பிள்ளைக்கு வந்த சீரோ” என்றார்கள். பிறகு அடுக்கில் வைத்துப் பார்த்தோம். வாய் பொருந்தியது, ஆழம் அரை அங்குலம் கூடுதல். ஐந்தாவது அதற்குள் புதைந்து போகிறது.

அடுக்கில் வைக்க வேண்டாம் என்று ஆயா வெளியிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். நாளைக்கு வெள்ளைப் பணியாரம். பச்சரிசியும் உளுந்தும் இந்தச் சட்டியில்தான் இப்போது ஊறுகின்றன.

மே 21, புதன்

ஏன்ஷியன்ட் டனல்ஸ்தான் எனக்கு ஒத்துவருகிறது. என் சோர்சரஸ் பிளிஸார்ட் போடுபவள், முழுக்கக் குளிர் மந்திரம். அங்கே சாதாரணக் கூட்டத்தில் குளிர் ஏறாத அரக்கர்கள் கிடையாது. பெயருள்ள தலைவன் எவனாவது குளிர் ஏறாதவனாக வந்தால் விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பிட்டில் அப்படி நடக்காது, பாதி நேரம் கூலியாளை நம்பி நிற்க வேண்டியிருந்தது.

ஆஃப்லைனில் இன்னொரு வசதி. கடினநிலையை மாற்றாதவரை வரைபடம் அப்படியே இருக்கும். லாஸ்ட் சிட்டி வேபாயின்ட்டில் இறங்கி, இடதுபக்கம் நாலு டெலிபோர்ட், இடிந்த சுவரை ஒட்டிப் பொறிக்கதவு. கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அரட்டைப் பெட்டியில் பிளேயர்ஸ் கட்டளையைப் போட்டு ஆட்களின் எண்ணிக்கையை 3 என்று வைத்திருக்கிறேன். 8 வரை வைக்கலாம். கூட்டினால் அரக்கர்களுக்கு உயிர் கூடும், விழும் பொருளும் கூடும். ஆனால் விழுவது பச்சையாக இருக்கும் வாய்ப்பு அதனால் கூடாது. ஒரு ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் ஆகிற 8ஐவிட நாலே நிமிடத்தில் முடிகிற 3 மேல்.

மேஜிக் ஃபைண்டையும் கண்டபடி ஏற்றவில்லை. செட்டுக்கு அது முழுதாக எண்ணப்படுவதில்லை. 300 வைத்தால் ஏறக்குறைய 187தான் செல்லும். அதற்காக உயிரைக் குறைத்துக்கொண்டு போய்ச் செத்தால் ஓட்டமே வீண்.

இந்த வாரம் நாற்பது ஓட்டம் இருக்கும். தல் ராஷாவின் இடுப்புவார் இன்னும் இரண்டு கிடைத்தன.

மே 25, ஞாயிறு

இரவு பதினொன்றரை. தம்பி பக்கத்தில் பாயில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். டனல்ஸில் கடைசி அறைக்கு முந்தின திருப்பம். நீலப் பெயர் கொண்ட அரக்கர் கூட்டம் ஒன்றின் மேல் பிளிஸார்ட் இறங்கி முடிந்தது. தரையில் நாலைந்து பொருள். பெயர்களைப் பார்க்க ஆல்ட் விசையை அழுத்தினேன்.

பச்சை எழுத்தில் லாக்கர்ட் பிளேட்.

ஐடென்டிஃபை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பச்சை நிற லாக்கர்ட் பிளேட் இந்த விளையாட்டில் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் சுருளை எடுத்து, மெதுவாக அதன் மேல் வைத்தேன். தல் ராஷாவின் கார்டியன்ஷிப். மேஜிக் ஃபைண்ட் 88. நெருப்பு, குளிர், மின்னல் மூன்றுக்கும் 40.

“டேய், வந்துடுச்சு” என்றேன். குரல் எழும்பவில்லை. அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்து, என் தோளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். ஆயா எழுந்துவிடுவார்கள் என்று இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

போடப் போனால் பெயர் சிவப்பில் நிற்கிறது. வலிமை 84 வேண்டும். என்னுடையவளுக்கு 79. லெவல் ஏறும்போதெல்லாம் புள்ளிகளை உயிரில் போட்டே வந்திருக்கிறேன். ஒரு லெவலுக்கு ஐந்து புள்ளி. இன்னும் ஒரே ஒரு லெவல் தேவை.

மே 28, புதன்

மூன்று இரவு. கேயாஸ் சாங்க்சுவரியில் ஒருமுறை செத்து, ஏறிய எக்ஸ்பீரியன்ஸில் கொஞ்சம் போனது. இன்று பத்து மணிக்கு 85 ஆனது. ஐந்து புள்ளியையும் வலிமையில் போட்டேன்.

வைப்பர்மேஜையைக் கழற்றிக் கவசத்தைப் போட்டதும் எண்கள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. முழுச் செட்டுக்காக சோர்சரஸின் திறன்கள் எல்லாவற்றுக்கும் மூன்று படி. உயிர் 150 கூடுதல். எல்லாத் தடுப்பும் 50 கூடுதல். அதை ஓடிப் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது: முன்பு விலகி நின்ற மின்னல் கூட்டத்துக்கு நடுவில் இன்று நின்று அடித்தேன்.

ஆனால் கை மெதுவாகிவிட்டது. வைப்பர்மேஜையோடு அதன் 30ம் போய்விட்டது, மந்திர வேகம் இப்போது 60. 63க்கு மூன்று குறைகிறது. மேஜிக் ஃபைண்டுக்காகப் போட்டிருந்த இரண்டு நாகல் மோதிரங்களில் ஒன்றைக் கழற்றி, மந்திர வேகம் 10 உள்ள சாதாரண மஞ்சள் மோதிரத்தைப் போட்டேன். 70. டெலிபோர்ட் பழைய வேகத்துக்கு வந்தது. முழுச் செட்டும் சேர்ந்தபிறகு அந்தக் கணக்கைச் சரிக்கட்டியது எதற்கும் உதவாது என்று மூலையில் கிடந்த மோதிரம்.

தம்பி நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறான். போகும்போது அவன் பாலடினைத் தன் கணினிக்குக் கோப்பாக எடுத்துப் போவானாம், அடுத்த விடுமுறைக்குத் திரும்பக் கொண்டுவருவானாம். வைப்பர்மேஜையைப் பெட்டியில் வைக்கப் போன கையை நிறுத்தி, அவனுக்கே கொடுத்துவிட்டேன். அதைப் போட 29ம் லெவல் வேண்டும். அவன் 27ல் நிற்கிறான். சிகான் செட்டில் இன்னும் நான்கு உருப்படி அவன் உடம்பில் இருக்கிறது. எதைக் கழற்றுவது என்று இப்போது பட்டாலையில் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.